மலையில்லாத ஊர்

மாதிரி ரயில் கட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரியும்:
மலை அழகுக்காக வைப்பதில்லை.
போன வண்டியே திரும்பி வருகிறது என்பதை
மறைப்பதற்கு.

நீடாமங்கலத்தில் மலைக்கு எங்கே போவேன்?
இங்கே உயரம் என்றால் பாலத்து ஏற்றம்,
வைக்கோல் போர்,
கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் மூடிய மூட்டை.
எட்டுக்கு நாலு பலகையில்
வயலை விரித்து வாய்க்காலும் வெட்டிவிட்டுப் பார்த்தால்
வண்டி போவது தெரிகிறது,
வளைவது தெரிகிறது,
கொஞ்சமும் கூச்சமில்லாமல் திரும்பி வருவதும்.

ஆகவே ஒரு சுவர்.
அரிசி ஆலையின் பின்பக்கம்.
நாலடி நீளம், மூன்று விரல்கடை உயரம்.

பகலில் நான் பல் செய்கிறவன்.
கீழே டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார்,
மாடியில் நான் வார்ப்பேன்.
இரவிலும் அதே ஜிப்சம், அதே ரப்பர் கிண்ணம்,
அதே கொக்கி ஊசி.
செங்கல் ஒன்று இரண்டரை மில்லிமீட்டர்.
நூற்றுப் பத்து கல் ஒழுங்காகக் கீறினேன்.
அப்புறம் கை பழக்கத்தில்
ஓரங்களை மெருகேற்றத் தொடங்கிவிட்டது.
சொத்தை இல்லாத சுவரை எவன் நம்புவான்?
உடைத்துப் போட்டு மறுபடி கலக்கினேன்.

வெண்ணாற்று மணலை வேட்டித் துணியில் சலித்துத் தூவினால்
தண்டவாளம் முழுக்கப் பாறாங்கல்.
ஆற்று மணலுக்கு ஆற்று மணல் ஆகாது,
பல் தேய்க்கும் பியூமிஸ் பொடிதான் சரி.
வடிகட்டிய டீத்தூள் வரப்பு.
நாற்றங்காலுக்குப் பச்சைத் துருக்கித் துண்டு,
தையல்நாயகி அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

சுவருக்கு முதலில் காவி, மேலே சுண்ணாம்பு,
அதைப் பாதி சுரண்டி உமிப் புகை.
அடியில் வெள்ளம் நின்ற கோடு.
எந்த வருஷத்து வெள்ளம் என்று முடிவு செய்யவே
ஒரு மாலை போயிற்று,
கணுக்காலா முழங்காலா,
ஐந்து மில்லிமீட்டருக்குள்
அவ்வளவு யோசனை.

எல்லாம் செய்தும்
வந்தவர்கள் சுவரைப் பார்க்கவில்லை.
எக்கி, அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

வேதையன் வந்தது ஒரு வியாழக்கிழமை.
கட்சி பேதம் பார்க்காமல் சுவர் எழுதுகிறவர்.
கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை முடித்து
நிறம் பார்க்க மாடிக்கு அனுப்பியிருந்தார்கள்.
என் நிறப்பட்டையை வாங்கி, ஜன்னலோரம் போய்
தன் பல்லுக்குத் தானே நிறம் சொன்னார்,
நான் சொல்லியிருப்பதைவிடச் சரியாக.
பிறகு பலகையைச் சுற்றி வந்து நின்றார்.
"இவ்ளோ பெரிய செவுரு,
ஒருத்தனும் புடிக்கலயா?"

நான் பீங்கான் தீட்டும் மெல்லிய தூரிகையை எடுத்தார்.
மூச்சை அடக்கி, நீலத்தில்,
நாலு மில்லிமீட்டர் எழுத்து:
'முழுவதும் முன்பதிவு'.
ழுவின் வளைவில் ஒரு மயிர்கூட நடுங்கவில்லை.
ஓரத்தில் சின்னதாய்
'இங்கு சிறுநீர் கழிக்காதீர்'.
அதற்குக் கீழே ஈரக்கறையை நான் வைத்தேன்,
அறிவிப்பு இருந்தால்
அதுவும் இருந்தாக வேண்டும்.

வண்டியை ஓட்டினோம்.
கீழேயிருந்து டாக்டரும் கம்பவுண்டர் பெண் சபுராவும் ஏறி வந்தார்கள்.
யாரும் எக்கவில்லை.
நின்ற இடத்தில் நின்று சுவரை வாசித்தார்கள்.
சபுரா கறையைக் கண்டு மூக்கைச் சுளித்தாள்.
எனக்கு விருது கொடுத்த மாதிரி இருந்தது.

ஏழு பெட்டியும் சுவருக்குப் பின்னால் போனதும்
கரண்ட் போயிற்று.

ஃபேன் சுற்றி ஓய்ந்தது.
இருட்டில் நாலு பேர்
சுவரின் மறுமுனையைப் பார்த்தபடி.
கையை விட்டு எடுத்துவிடலாம், அரையடி தூரம்.
நான்கூடக் கை நீட்டவில்லை.

வேதையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
மரத்த பாதி வாயால் சொன்னார்:
"கிராஷிங்கா இருக்கும்."